சத்தத்தை விழுங்காத ரோடு

இங்கே பிரட்டு கிடையாது. சிலோன் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருப்பவர்களுக்கு இதை நம்புவது கஷ்டம். அங்கே விடியும்போதே தப்பு அடிக்கிற சத்தம் கேட்கும், பிரட்டுக்களத்தில் போய் நிற்போம், கணக்கப்பிள்ளை பெயரை வாசிப்பார், இன்றைக்கு வேலை உண்டு என்று மனசு அடங்கிவிடும். கொடைக்கானலில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், பனியில் கையைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நிற்க வேண்டும். ரோட்டு வேலை மேஸ்திரி செல்லையா வருவார். பெயர் கேட்க மாட்டார். தாடையை ஒருவன் பக்கமாக ஆட்டுவார். ஆட்டினால் வேலை, இல்லாவிட்டால் வீடு. ஒரு தடவை சட்டைக் காலரில் எறும்பு ஏறியதற்கு அவர் கழுத்தை வெட்டி ஆட்டியதை, என்னைக் கூப்பிட்டதாக நினைத்து முன்னால் போய் நின்றுவிட்டேன். "ஒன்னயா கூப்பிட்டேன்? எறும்பு கடிச்சாக்கூட சிலோன்காரன் வந்து நிக்கிறான்யா" என்றார். நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பயம் மட்டும் எனக்குக் குறைவில்லாமல் வந்தது. கப்பலில் வரும்போது கப்பல் முழுகும் என்று பயந்தேன், வந்து இறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் எங்களை மறந்துவிடுவார்கள் என்று பயந்தேன், இந்த மலைக்கு வந்த பிறகு எந்த நாளும் இறங்கிப் போ என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். மூன்றாவது பயத்தில் நியாயம் இருந்தது. எங்கள் குடிசை வரிசை ரோட்டோரப் புறம்போக்கில் இருந்தது. ரோட்டு வேலை செய்கிற ஆட்கள் என்பதால்தான் அங்கே விட்டுவைத்திருந்தார்கள். வேலை போனால் குடிசையும் போகும், அதற்குப் பிறகு கீழே சமவெளியில் எந்த ஊர் வெயிலில் போய் நிற்பது என்று தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் சத்தமில்லாத ரோடு வந்தது. எங்கள் குடிசைகளுக்குக் கொஞ்சம் மேலே ஒரு பள்ளிக்கூடம். பஸ்ஸும் லாரியும் வளைவில் ஏறும் இரைச்சலில் பாடம் நடத்த முடியவில்லை என்று அவர்கள் எழுதிப்போட, மதுரையிலிருந்து ஒரு காலேஜ் சார் புதுமாதிரி ரோடு போட்டுப் பார்க்கலாம் என்று வந்தார். மேல்பாதியைப் பக்கத்து ஊர் வில்பட்டி ஆட்கள் போட்டார்கள். அவர்கள் செல்லையாவுக்கு உறவு. எங்கள் வாசலுக்கு முன்னால் வரும் கீழ்ப்பாதியை நாங்கள் போட்டோம். எந்தப் பாதி நன்றாக இருக்கிறதோ அந்த ஆட்களுக்கே மிச்ச வளைவுகளும் என்று பேச்சு. மணல் சேர்க்காதே, பொடிக்கல் சேர்க்காதே, ஒரே அளவுச் சல்லியும் தாரும் மட்டும் போடு என்றார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. தோட்டத்திலும் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி எந்தச் சாய்வில் போக வேண்டும் என்று சொல்வார்கள், ஏன் என்று சொன்னதில்லை. கேட்காமல் செய்தே பழகிவிட்டோம்.

உருளை வண்டி ஓடி முடிந்ததும் பார்த்தால் ரோடு முழுக்கக் கண்கண்ணாக ஓட்டை. ஒரு சுண்டுவிரல் உள்ளே போகும். எங்கள் கை பிசகிவிட்டது என்றே நினைத்தேன். அவர்கள் பாதியும் அப்படித்தான் இருந்தது என்பது கண்ணில் பட்டது, ஆனால் புத்தியில் ஏறவில்லை. வில்பட்டிக்காரன் ஒருவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறபோது என் மனைவி பார்வதியிடம் சொன்னான்: "என்னத்தா, ஒங்க ஆளுக போட்ட ரோட்டுக்கு அம்மை வாத்துக் கெடக்கு. வேப்பிலை கட்டுங்க." அன்று மத்தியானம் செல்லையா வந்து, "நாளைக்கு மெசின் கொண்டாந்து அளக்கப் போறாக. வெள்ளனே வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தோட்டத்தில் பெரிய துரை வருகிறார் என்றால் லயத்து வீடுகளில் என்ன செய்வோம் என்பது உங்களுக்குத் தெரியும். அழுக்குத் தண்ணீர் ஓடுகிற காணைக் கழுவி, வாசலை மெழுகி, சுவரில் இருக்கிற வெடிப்பை மண் வைத்து அடைத்து வெள்ளை அடிப்போம். ஓட்டையோடு துரை முன்னால் நிற்கக்கூடாது. பார்வதியும் வரிசைப் பெண்களும் அந்தி சாய்வதற்குள் அதைத்தான் செய்தார்கள். கல் உடைத்த இடத்தில் கிடந்த தூசியைக் கூடையில் அள்ளி வந்து சலித்துப் போட்டு, விளக்குமாற்றால் தேய்த்துத் தேய்த்து ஓட்டைக்குள் இறக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் தேய்த்தார்கள். "சொல்லாமச் செய்றோமே, ஏதும் ஆயிருமா?" என்று கேட்டேன். "ஓட்டையா இருந்தாத்தான் ஆகும். நீங்க சும்மா இருங்க" என்றாள் பார்வதி. செல்லையா அந்த வழியாக வந்தவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "நல்லா அழுத்தித் தேய்ங்கத்தா. சந்து விடாதீக" என்றார். மேஸ்திரியே சொன்ன பிறகு எனக்கு உயிர் வந்தது. ரோடு வழவழவென்று தாம்பாளம் போல இருந்தது.

காலையில் காலேஜ் சார் ஜீப்பில் வந்தார். எனக்குச் சிவப்புக் கொடியைக் கொடுத்து வண்டிகளை நிறுத்தச் சொன்னார்கள். சார் ஒரு பருமனான இரும்புக் குழாயை ரோட்டின்மேல் நிமிர்த்தி வைத்தார். மேல்முனையில் ஸ்பீக்கர், பக்கவாட்டில் மைக், வயர் போய்ச் சேருகிற பெட்டியில் ஒரு முள். குழாயின் அடிவாய்க்கும் ரோட்டுக்கும் நடுவில் சந்து இல்லாமல் சுற்றிக் களிமண் பூசினார். பார்வதி என்னைப் பார்த்து, "பாத்தீங்களா, அவரும் பூசத்தான் செய்றாரு" என்றாள். ஸ்பீக்கர் ஊங் என்று கத்தும். கீழே போகிற சத்தத்தில் ரோடு எவ்வளவை விழுங்குகிறது, எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று முள் காட்டும். வில்பட்டி ஆட்கள் பாதியில் சார் முகம் மலர்ந்தது. எங்கள் பாதியில் ஓரிடம் வைத்தார், பிறகு இன்னோரிடம், பிறகு பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் குனிந்து உள்ளங்கையால் ரோட்டைத் தடவினார்.

"யாரு இத இவ்வளவு சுத்தம் பண்ணுனது?"

பார்வதி முந்தானையைச் சரிசெய்துகொண்டு முன்னால் போனாள். "நாங்கதாங்க, துரை. பொம்பளையாளுக எல்லாம் சேந்து. ஒரு ஓட்டை விடலைங்க."

சாருக்குக் கோபம்கூட வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "அந்த ஓட்டதாம்மா ரோடு. சத்தம் போறதுக்குத்தான் அந்த ஓட்ட" என்று மெதுவாகச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தைச் சல்லி கொட்டிய அன்றைக்கு அவர் எங்களிடம் சொல்லியிருக்கலாம். எங்களிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கம்பி பிரஷ் வைத்துச் சுரண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். தூசி தாரோடு சேர்ந்து இறுகிக் கிடந்தது.

"சிலோன்ல இப்பிடித்தான் ரோடு போடுவாக போல, சார். தேயிலைக்கு உரம் வைக்கிற மாதிரி" என்றார் செல்லையா.

நான் பயந்தாங்கொள்ளிதான். இருந்தாலும் கேட்டுவிட்டேன். "மேஸ்திரி, நீங்க பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க? அழுத்தித் தேய்க்கச் சொன்னீங்களே?"

"நான் என் சோலியாப் போனவன். ஒங்க ஊரு வழக்கம் போலன்னு நெனச்சேன். வழக்கத்துல நான் தலையிட முடியுமாலே?"

சார் எங்கள் இருவரையும் பார்த்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். வளைவில் நான் நிறுத்தி வைத்திருந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கொடியை இறக்கு என்று கையைக் காட்டினார். எங்கள் வழக்கு அவ்வளவில் முடிந்தது. மிச்ச வளைவுகள் வில்பட்டி ஆட்களுக்குப் போயின. "சுத்தமா வச்சது குத்தமா?" என்று பார்வதி மறுநாள் கேட்டாள். அங்கே சுத்தமாக வைக்காவிட்டால் குற்றம், இங்கே வைத்தால் குற்றம்.

குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அந்த வரிசை இப்போது இல்லை. மலையை விட்டு இறங்கவில்லை, அவ்வளவுதான். கீழ்ச்சரிவில் ஒரு பூண்டுத் தோட்டத்துக்காரர் கொட்டகையில் ஒதுங்கியிருக்கிறோம், மேலே இருக்கிற அவர் காட்டில் களை எடுத்துவிட்டு அந்தியில் பஸ்ஸில் திரும்புகிறோம். கொட்டகைக்குப் போகிற ஒற்றையடிப் பாதை அந்தக் கீழ்ப்பாதியிலிருந்துதான் பிரிகிறது. பஸ் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்வரை பூனை மாதிரி வரும். எங்கள் பாதியில் சக்கரம் ஏறியதும் இரைச்சல் எழும்பும், கண்ணை மூடியிருந்தாலும் எழுந்துவிடலாம். வில்பட்டிக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் கண்டக்டர் வாயிலும் ஏறிவிட்டது. "சிலோன் ரோடு, சிலோன் ரோடெல்லாம் வெரசா எறங்கு" என்கிறார். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நாட்டையே விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, நூறு கஜம்கூட வராத அந்த நாட்டில் தினமும் இறங்குகிறோம்.