அவர் மூச்சு வாங்கும் இடம்

"…அதனால என் பேப்பரை தாமஸ்கிட்டயே குடுத்துடு, ஜெயா. பாதி லைன்ல மூச்சு நின்னுடும். சபை முன்னாடி எதுக்கு வேடிக்கை?" என்றார் என் கணவர் சாமுவேல். கிறிஸ்துமஸ் பாட்டு ஆராதனை தொடங்கப்போகிற நேரம். டிரம்பெட்டுக்கு நான் எழுதிய தாளை, கிளாரினெட் வாசிக்கும் தாமஸ் அண்ணனின் ஸ்டாண்டில் அவரே வைத்தார். டிரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

கொடுப்பது சுலபம். இரண்டும் ஒரே சுருதி வாத்தியம்; ஒரு ஸ்வரம்கூட மாற்ற வேண்டாம். அந்தச் சுலபத்துக்குத்தான் நான் பயந்தேன்.

அன்பானவர்களே, முதலிலிருந்து சொல்கிறேன். செப்டம்பர் மழையில், தான் வேலை பார்க்கும் பீன்யா பாக்டரியிலிருந்து நனைந்து வந்தவருக்குக் காய்ச்சல். சளி என்று கஷாயம் வைத்தேன். நிமோனியா. ஆயுசெல்லாம் டிரம்பெட் ஊதின மனிதருக்கு ஒரு மெஷின் மூச்சு கொடுத்தது. "ஏனு ஆகல்லம்மா, அளபேடி" என்று நர்ஸம்மா கன்னடத்தில் தேற்றினார், ஒன்றும் ஆகாது, அழாதீர்கள் என்று. அழாமல் எப்படி இருப்பது? ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "மண்ணுக்கு மூச்சு ஊதினவரே, இவருக்கும் ஊதும்." அவ்வளவுதான். திரும்பத் திரும்ப அதே.

ஊதினார். என் கணவர் பிழைத்து வீட்டுக்கு வந்தார்.

ஆனால் வந்தவர் பாதி ஆள். படி ஏறினால் நடுவில் நிற்பார். "மெதுவா ஊதிப் பழகுங்க, நல்லதுதான்" என்று டாக்டரே சொல்லியும் பெட்டியைத் திறக்கவில்லை. "உன் ஆண்டவர் அரை மூச்சுதான் குடுத்தாரு" என்பார். பேச்சு குறைந்தது. சாப்பாட்டு நேரத்தில் தட்டுச் சத்தம்தான்.

எங்கள் சபையின் சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்குப் பழைய கிறிஸ்துமஸ் பாட்டுகளை வாத்தியம் வாத்தியமாகப் பிரித்து எழுதுவது என் வேலை. கீபோர்டில் தடவித் தடவி நானே கற்றது. இந்த முறை டிரம்பெட்டுக்கு எழுதுவதா வேண்டாமா? தாமஸ் அண்ணனிடம் கேட்டேன். "ஊதற சங்கை ஊதி வைப்போம் தங்கச்சி, விடியறப்போ விடியட்டும்" என்றார். எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மத்தியானம், உள்ளறையில் அவர் படுத்திருந்தார். மூச்சு இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். கேட்டுக்கொண்டே எழுதினேன். அப்போது சபையின் பாட்டு நினைவுக்கு வந்தது. எங்கள் சபையார் ஒவ்வொரு அடி முடிவிலும் ராகத்தை நீட்டி, சாவகாசமாக மூச்சு வாங்கித்தான் அடுத்த அடிக்கு வருவார்கள். வருஷா வருஷம் நான் அந்த இழுவையை வெட்டி எழுதுவேன். வாத்தியம் ஒரு பக்கம், சபை ஒரு பக்கம். இந்த முறை வெட்டவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பிறகு இடம் விட்டேன். என் கணவருக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு.

ஒத்திகையில் வயலின் ஷெரினுக்குப் பொறுக்கவில்லை. "ஆன்ட்டி, புக்ல இங்க கேப்பே இல்ல. இப்படி வெயிட் பண்ணா பாட்டு செத்துடும்."

"சபையை விட்டுட்டு ஓட நாம என்ன பி.எம்.டி.சி. டவுன் பஸ்ஸாம்மா?" என்றார் தாமஸ் அண்ணன். ஷெரின் சிரித்துவிட்டாள். ஒத்திகைக்கு வராத ஆள் என் கணவர் ஒருவர்தான்.

அவர் நுரையீரலில் நிமோனியா விட்ட தழும்பு இன்றும் இருக்கிறது. குளிர் வந்தால் இருமுவார். முழுசாகத் தாரும் என்று நான் இப்போது கேட்பதில்லை. தந்ததில் வாழக் கற்றுத் தாரும் என்றே கேட்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று இதை வாசிக்கிறவர்களே, வார்த்தை வராவிட்டாலும் கேளுங்கள். பாதிதான் கிடைத்தது போலத் தோன்றினால், கொடுத்தவர் கை இன்னும் மூடவில்லை என்று நம்புங்கள். நான் அதைக் கண்ணால் கண்டேன்.

அன்றைக்கு ஆராதனையில், முதல் சரணத்தில் டிரம்பெட் வரியைக் கிளாரினெட்தான் வாசித்தது. என் கணவர் பெஞ்சிலிருந்து சபையோடு பாடினார். அடி முடிந்தது. சபை நீட்டியது. வயலின் காத்திருந்தது. எல்லாரும் மூச்சு வாங்கினார்கள், அவரும் வாங்கினார். அடுத்த அடியிலும் அப்படியே. அவர் குரல் எங்கும் அறுபடவில்லை. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சரணம் முடிந்ததும் எழுந்து வந்தார். தாமஸ் அண்ணனின் ஸ்டாண்டிலிருந்து தன் தாளை எடுத்து, காலியாக நின்ற தன் ஸ்டாண்டில் வைத்தார். பெட்டியைத் திறந்தார். சபை மூச்சு இழுத்தபோது கூடவே இழுத்து, ஊதினார்.