மகள் வீட்டுக்குப் போன பலாப்பழம்

எல்லை ஊரான டெக்நாஃபில், கருவாட்டுக் கொட்டகையில் மீன்குடலைப் பிடுங்கிப் பிடுங்கி, எந்த நாற்றத்துக்கும் அசராத மூக்கு குல்பஹாருடையது. அவளுக்குக் குமட்டுகிற வாடை ஒன்றே ஒன்றுதான். மகன் ரெஜாவுலின் அறையில், ஈயத்தாளில் யாபா என்கிற போதை மாத்திரை உருகும்போது வருகிற இனிப்பு வாடை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வரும் அந்தச் சனியன் அவன் பல்லையும் தூக்கத்தையும் தின்றுவிட்டது. சீ, பெற்ற பிள்ளையைப் பார்த்தாலே அருவருப்பு!

இதில் சிட்டகாங்கில் வாழ்க்கைப்பட்ட மகள் மொர்ஜினாவின் கவலை வேறு. பழக்காலம் வந்தால் பெண்ணைக் கொடுத்த வீட்டிலிருந்து பலாவும் மாம்பழமும் போயாக வேண்டும். இங்கிருந்து ஒரு வருஷமும் போனதில்லை. வெறுங்கை வீட்டுப் பெண் என்று, மாமியார் அவளைத் தரையில் உட்காரவைத்துத்தான் சோறு போடுகிறாளாம்.

ஒருநாள் ரெஜாவுல் பெரிய பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான்.

"தங்கச்சிக்குக் கொண்டு போம்மா."

"திருடினதாடா?"

"உழைச்சு வாங்கினேன். என்னை எப்பத்தான் நம்புவே?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற மனம், என்ன செய்ய! பேருந்தில் பழத்தை மடியைவிட்டு இறக்கவில்லை. சோதனைச் சாவடியில் எல்லார் மூட்டையையும் கொட்டிக் கிளறிய காவலர் அவளைப் பார்த்ததும் சிரித்தார்.

"மக வீட்டுக்கா பெரியம்மா? மாமியார்காரி வாயை அடைக்கணுமே! போங்க, போங்க."

சம்பந்தி வீட்டில் மருமகன் பழத்தைப் பிளந்தான். காம்போரம் பலாப்பாலால் ஒட்டிவைத்திருந்த துண்டு கழன்று விழுந்தது. உள்ளே சுளை இல்லை. பாலிதீன் பொட்டலங்களில் செக்கச்செவேலென்று மாத்திரைகள். கத்தி பட்டு ஒன்று கிழிய, அதே வாடை குப்பென்று அடித்தது. குல்பஹார் மூக்கைப் பொத்திக்கொண்டாள். பாவி, பெற்றவளையே சுமக்கவிட்டிருக்கிறான்!

"ஐயோ, தூக்கிப் போடுங்க! சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது!" என்று அலறினாள்.

அங்கே யாரும் அதிரவில்லை. மாமியார்க்காரி பொட்டலங்களை முந்தானையில் வாரிக்கொண்டாள்.

"ஏன் கத்துறீங்க சம்பந்தி? இப்பத்தான் மரியாதை தெரிஞ்ச வீடுன்னு காட்டியிருக்கீங்க." சொல்லிவிட்டு மருமகளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீ உட்காரும்மா."

குல்பஹார் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, போயிடலாம். இந்த வீட்டுத் தண்ணிகூட வேணாம்."

மொர்ஜினா கையை உருவிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சும்மா இரும்மா. அண்ணன் மாம்பழம் எப்ப அனுப்புவான்?"