மாமாவின் மெட்டு

போன சனிக்கிழமை ஸ்ரௌவ்வில் நகரில் மாமாவின் எழுபத்தைந்தாவது பிறந்தநாள். அந்தப் பழைய பாட்டைப் போட்டு, "பாடலும் இசையும் எங்கட அண்ணைதான்" என்று அறிவித்தார்கள். மாமா எழுந்து கும்பிட்டார். நான் கையிலிருந்த வடையை நசுக்கினேன். இந்த வயதில் என் வீரம் வடையோடு முடிந்துவிடுகிறது.

அந்தப் பாட்டு பிறந்தபோது எனக்குப் பத்து வயது. நாங்கள் குடிபெயர்ந்து வந்த வெக்ஸ்போர்ட்டில், எங்களுக்குக் கீழ்மாடியில் ஒரு நேபாளக்காரர் இருந்தார். காத்மாண்டு வானொலியில் பாடியவர்; படங்களுக்கு இசையமைத்தவர். அங்கே அவர் தெருவில் இறங்கினால் கூட்டம் கூடுமாம். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினார். சங்க விழாவுக்குத் தாய்மண் பாட்டொன்று எழுதிய மாமா, மெட்டுக்கு அவரிடம் போனார். பாடப்போவது நான் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தமிழ் தெரியாத மனிதர் ஒவ்வொரு வரிக்கும் என்னிடம் அர்த்தம் கேட்டார். மாமா 'தாயே' என்று பதினொரு இடத்தில் எழுதியிருந்தார். வேறு சொல் அகப்படவில்லை. பதினொன்றையும் அவர் பதினொரு விதமாக உருக்கினார். கடைசித் 'தாயே'யை வீட்டில் நான் பாடிப் பார்த்தபோது அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அழுதார்.

அழைப்பிதழில் இசை என்ற இடத்திலும் மாமாவின் பெயர்தான் இருந்தது.

"அண்ணை, உது அநியாயமெல்லோ? மெட்டு அந்த மனிசன்ர" என்று அம்மா கேட்டாராம்.

"தாய்மண் பாட்டுக்கு நேபாளி மெட்டு எண்டால் சனம் சிரிக்கும். நீ சும்மா இரு. ஒரு பொன்னாடை போத்திவிடுறன் எண்டு அந்தாளுக்குச் சொல்லிப்போட்டன்."

விழாவில் பாட்டு முடிந்ததும் மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மாமா கடைசிப் பொன்னாடையை விரித்தபடி எங்களை நோக்கி வந்தார். என் பக்கத்தில் ஹார்மோனியத்தோடு இருந்த நேபாளக்காரர், கைகளைக் கூப்பிக் குனிந்து கழுத்தைக் கொடுத்தார். மாமா அவரைத் தாண்டிப் போனார். யாரும் அழைக்காமலே மேடையேறி எங்களுக்குப் பின்னால் நின்ற, வீடு விற்கும் முகவர் ஒருவருக்கு அதைப் போர்த்தினார். படம் எடுத்தார்கள். குனிந்த கழுத்து நிமிரவில்லை.

அதற்குப் பிறகு மாமா எத்தனையோ பொன்னாடை வாங்கிவிட்டார். ஒன்றுகூட அவர் கழுத்தைச் சுட்டதாகத் தெரியவில்லை.

நேபாளத்திலும் கலைஞனுக்குக் கழுத்தில் துணி போட்டுத்தான் மரியாதை செய்வார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது. மனிதர் எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, ஹார்மோனியத்துக்கு அடியில் நானும் குனிந்து தேடினேன்.