தாம்பாளம் சுமந்த ஐந்து பேர்

நான் பிழைக்க வந்த நியூசிலாந்துச் சிற்றூரில் வியாழன்தோறும் மாலையில் ஒரு சர்ச் ஹாலில் பத்துப் பேர் கூடுகிறோம். எல்லோரும் குடியை விட்டவர்கள், அல்லது விடப் பார்ப்பவர்கள். ஒருவர் தன் கதையைச் சொல்லி முடித்தால் மற்றவர்கள் 'தேங்க்ஸ்' என்பார்கள். அவ்வளவுதான். கேள்வி இல்லை, புத்திமதி இல்லை. என்னை அங்கே கூட்டிப்போனவர் காலின். கிடங்கில் என்னோடு லோடு ஏற்றுபவர். காலையிலேயே என்மேல் அடித்த வாடையைக் கண்டுபிடித்தவர். முதல் நாள் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் என் அவமானத்தையெல்லாம் கொட்டினேன். 'தேங்க்ஸ்' என்றார்கள். என் உச்சரிப்பு விளங்கவில்லை போலும் என்று மறுபடி முதலிலிருந்து சத்தமாகச் சொன்னேன். மறுபடியும் 'தேங்க்ஸ்'. வெளியே வந்ததும் காலின், "முதல் தடவையே புரிந்துவிட்டது" என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒருவன் தன் மானம் போன கதையைச் சொல்கிறான், திட்டுவதற்குக்கூடவா ஆளில்லை?

போடிநாயக்கனூர்ப் பக்கம் அந்தக் குறையே கிடையாது. நான் குடித்த காலத்தில் டீக்கடைக்காரரிலிருந்து சிலமலை பஸ் கண்டக்டர் வரை எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். சொன்னவர்கள்தான் உண்டு, நான் சொல்வதைக் கேட்டவர் ஒருவரும் இல்லை. என் தங்கை செல்வியைக் குரங்கணியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுடைய மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான் மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். சீரோடு ஜீப்பில் கிளம்பியவன் வழியில் கூட்டாளிகளோடு இறங்கிவிட்டேன். நான் தள்ளாடிப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை என் சித்தப்பா மகன் மடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. செல்வி என்னைத் திட்டவில்லை. அன்றிலிருந்து பேசவும் இல்லை.

குடியை விட்டுப் பதினான்கு மாதம் ஆன சமயத்தில் அவளே போன் செய்தாள். "சின்னவளுக்குக் காதுகுத்துண்ணே. வரணும்னா வா. மடியில வைக்கிறதப் பத்தி அன்னைக்குப் பாத்துக்கிருவம்." போனை வைத்துவிட்டு அழுதேன். லீவு வாங்கியதும் காலின் ஒன்றே ஒன்று சொன்னார்: "ஊருக்குப் போய் இறங்கியதும் முதலில் அங்கே ஒரு கூட்டத்தைத் தேடு." எங்கள் ஊரிலா, என்று சிரித்தேன். விசாரித்தால் இருக்கிறது! ஞாயிறு மாலை, போடியில் ஒரு பள்ளிக்கூட அறையில்.

அங்கே ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் வின்சென்ட் அண்ணன்தான் முன்னால் உட்கார்ந்திருந்தார். "இங்க பேரு மட்டும் சொன்னாப் போதும் தம்பி. ஊரு, வகையறா ஒண்ணும் வேணாம்" என்றார். "பாண்டி" என்றேன். பக்கத்திலிருந்த ஜீப்பு டிரைவர் குருசாமி உடனே, "ஏப்பா, நீ சிலமலைக்காரன்ல? ஓந்தங்கச்சி வீட்டுக்கு ரெண்டு வீடு தள்ளித்தான எங்க வீடு!" என்றார். ரகசியம் அவ்வளவு நேரம்தான் தாங்கியது. நான் பேசப் பேச ஆளாளுக்குக் குறுக்கே விழுந்தார்கள். மாமன் வீட்டுச் சீர் வந்தால் ஆம்பளைகளுக்குப் பாட்டில் எங்கே என்று கேட்பார்களே, என்ன செய்வது என்றேன். அதுவும் வெளிநாட்டிலிருந்து வந்தவன்! "நீ தனியாப் போகாத. நாங்க வர்றோம்" என்றார் குருசாமி. அழைத்தேனா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

காதுகுத்து அன்று குருசாமியின் ஜீப்பு எங்கும் நிற்காமல் குரங்கணிக்கு ஏறியது. பழம், பட்டுப்பாவாடை, வளையல், தோடு என்று ஆளுக்கொரு தாம்பாளத்தைத் தூக்கிக்கொண்டு ஐந்து பேர் எனக்குப் பின்னால் நடந்தார்கள். அந்த நடையில் எனக்கு இருந்த கர்வம் முதல் சம்பளம் வாங்கிய அன்றுகூட இருந்ததில்லை. கோயில் வாசலில் என் தங்கையின் மாமனார் சிரித்துக்கொண்டே கேட்டார்: "மருமகனே, பாரின் பாட்டிலு எங்கப்பு?"

"இல்ல மாமா. நான் விட்டுப் பதினஞ்சு மாசமாச்சு."

"அப்ப இவுகல்லாம் யாரு?"

"சொந்தக்காரங்க."

வின்சென்ட் அண்ணன் தாம்பாளத்தை நெஞ்சோடு அணைத்தபடி அவருக்கு ஒரு கும்பிடு போடப் பார்த்தார். ஆப்பிள் இரண்டு உருண்டது. செல்வி எங்கள் ஆறு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். என்னிடம் வந்து, என் வாயருகே முகத்தைக் கொண்டுவந்து நின்றாள். பிறகு பிள்ளையைத் தூக்கி என் மடியில் வைத்து, "இறுக்கிப் பிடிண்ணே, திமிறுவா" என்றாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளைக்கு முன்னால் நான் அழுதேன். வெட்கமாக இல்லை.

சாப்பாடு முடிந்து எல்லோருக்கும் தாம்பூலம் போட்ட மஞ்சள் பை கொடுத்தார்கள். பையில் அச்சடித்திருந்தது: 'தாய்மாமன் பாண்டியராஜன், சிலமலை.'

"இத எப்ப அடிச்ச?" என்றேன்.

"நீ டிக்கெட்டுப் போடுறதுக்கு முந்தியே."

"நான் குடிச்சிட்டு வந்திருந்தா?"

"உள்பக்கத்தை வெளிய திருப்பிக் குடுத்துருப்பேன்" என்றாள். "அங்க ஒனக்கு யாருண்ணே இருக்கா?"

"பத்துப் பேர் இருக்கோம்."

எண்ணிப் பத்துப் பைகளை என் கையில் திணித்தாள். தேங்காயையும் வெற்றிலையையும் இந்த நாட்டு விமான நிலையத்தில் விடமாட்டார்கள் என்பதால் அவற்றைப் போடியிலேயே கொடுத்துவிட்டுப் பைகளை மட்டும் மடித்து எடுத்து வந்து கூட்டத்தில் ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். இந்த வியாழக்கிழமை காலின் பாலும் பிஸ்கட்டும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்தார். என் பெயரும் என் ஊரும் அவர் கையில் ஆடிக்கொண்டே ஹாலுக்குள் நுழைந்தன. அங்கே அதைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.