அந்தக் கட்டத்தை எடுக்க மாட்டேன்

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கோடு போடுவது என்ன பெரிய வேலை என்று கேட்பவர்களிடம் நான் பேச்சுக் கொடுப்பதில்லை. அந்தக் கோட்டுக்காக ஓர் அலுவலகத்தையே எதிர்த்து நின்றவள் நான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது. உயரட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில். வேலை லாஸ்பேட்டையில், ஓர் அரசு அலுவலகத்தில். காலையில் சைக்கிளை எடுத்தால் கருவடிக்குப்பம் வழியாக அரைமணி நேரத்தில் போய்விடுவேன். வேலை என்றால் ஆர்டர் வாங்கிச் சேர்ந்த வேலை இல்லை. வவுச்சர் ஊழியர். எங்கள் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்காது. மாதக் கடைசியில் ஒரு வவுச்சரில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்க வேண்டும். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று என்றைக்கு வேண்டுமானாலும் சொல்லிவிடலாம், காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம், தெருவுக்கு நாலு பேர் இப்படி இருந்தார்கள். மில் வேலை போனபிறகு அப்பா ஒரு கடையில் காவலுக்கு இருந்தார். அம்மாவோ தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்தி, "எம் பொண்ணு கவுருமெண்டுல இருக்குது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதைத் திருத்தவில்லை.

அலுவலகத்தில் இரண்டு கணினிகள். ஒன்று அதிகாரியின் அறையில் துணி போர்த்தி இருக்கும். இன்னொன்று என்னிடம். வருகிற தபால் ஒவ்வொன்றையும் கணினியில் பதிந்து, எண் கொடுத்து, எந்தப் பிரிவுக்குப் போக வேண்டுமோ அங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. பதில் கடிதம் தட்டச்சு செய்வதும் நான்தான். மூன்று பிரிவுகளுக்கும் நான் ஒருத்தி.

இதற்கு நடுவில் படம் வரைகிற வேலையும் வரும். யாருக்குக் கீழே யார், எந்த விண்ணப்பம் எந்த வழியாகப் போகிறது என்று கட்டம் கட்டமாக ஒரு தாள் வேண்டும் என்று மேலிடத்திலிருந்து அடிக்கடி கேட்பார்கள். எங்கள் கண்காணிப்பாளருக்கு, நாங்கள் சூப்பரண்டு சார் என்போம், இதற்கென்று ஒரு முறை இருந்தது. நான் கணினியில், வேர்டில், கட்டங்களை மட்டும் அடித்து அச்செடுத்துத் தர வேண்டும். கோடு அவர் போடுவார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்து மர ஸ்கேல் ஒன்றை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்து, மெல்லிய கறுப்புப் பேனாவால், மூச்சைப் பிடித்துக்கொண்டு கோடு இழுப்பார். தவறினால் வெள்ளை மை பூசுவார். பூசியது தெரியாமல் இருக்க அதை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸைத்தான் அனுப்புவோம். ஓர் ஆளுக்கு மாற்றல் வந்தால் எல்லாம் முதலிலிருந்து. அந்த ஊரில் மாற்றலுக்குப் பஞ்சமே இல்லை.

கோட்டையும் கணினியிலேயே போட்டால் என்ன என்று நான் முயன்றேன். கோடு வந்தது. கட்டத்தை நகர்த்தினால் கோடு மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. பத்துக் கட்டம், பதினாலு கோடு. ஒன்றை அசைத்தால் பதினாலையும் பிடித்து இழுக்க வேண்டும். அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டி விரல் வலித்ததுதான் மிச்சம். சூப்பரண்டு சார் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, "ஸ்கேலுக்கு ரெண்டு நிமிசம்மா" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விஷயம் வேறு இடத்தில் இருந்தது. வேர்டில் ஒரு கட்டம் வரையப் போனால், முதலில் பெரிய சட்டம் ஒன்று வந்து, உன் படத்தை இதற்குள் வரை என்று ஆங்கிலத்தில் சொல்லும். எல்லோருக்கும் அது எரிச்சல். கணினி வந்த நாளில் அதைப் பொருத்திக் கொடுத்தவர், "இது வந்தா எஸ்கேப் பட்டன அடிச்சுடுங்க, தொல்ல" என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நாங்களும் வருஷக்கணக்காக எஸ்கேப் அடித்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தெரிந்து லாஸ்பேட்டையில் இருந்த அத்தனை அலுவலகங்களிலும் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பந்த் நாளில் ஊரே அடங்கியிருந்தது. அலுவலகத்தில் நானும் தபால் பிரிவு அக்காவும் மட்டும். அன்றைக்கு நான் எஸ்கேப் அடிக்கவில்லை. என்னதான் சொல்ல வருகிறாய் பார்க்கலாம் என்று அந்தச் சட்டத்துக்குள்ளேயே இரண்டு கட்டம் வரைந்தேன். கோடு வகைகளில் இணைப்புக்கோடு என்று ஒன்று இருந்தது, அதை எடுத்து முதல் கட்டத்தின் மேல் கொண்டுபோனேன். கட்டத்தின் நாலு பக்கமும் நீலப் புள்ளிகள் முளைத்தன. ஒன்றில் அழுத்தி, இழுத்துக்கொண்டு போய், அடுத்த கட்டத்தின் புள்ளியில் விட்டேன். கோட்டின் இரண்டு முனையும் சிவப்பானது. கட்டத்தைப் பிடித்து நகர்த்தினேன். கோடும் கூடவே வந்தது. மேலே, கீழே, மூலைக்கு, எங்கே இழுத்தாலும் மடங்கி, திரும்பி, விடாமல் வந்தது. நான் கத்திவிட்டேன். தபால் அக்கா பதறி ஓடிவந்து, "இன்னாடி, ஷாக் அடிச்சிச்சா?" என்றார். அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை அதற்கப்புறம் நான் ரொம்பச் சில முறைதான் பட்டிருக்கிறேன்.

முனை சிவப்பாக இருந்தால் கோடு ஒட்டியிருக்கிறது, பச்சையாக இருந்தால் சும்மா பக்கத்தில் கிடக்கிறது. பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொட்டால்தான் தெரியும்.

சில மாதம் கழித்து, ஆய்வுக்கு மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வருகிறார் என்று கடிதம் வந்தது. அலுவலகத்துக்குள் வருகிற ஒரு தாள் எந்தெந்தக் கையைத் தாண்டி வெளியே போகிறது என்று வரைபடம் தயாராக இருக்க வேண்டும். எத்தனை பேர் தேவை என்பதை அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நான் ஒவ்வொரு மேஜையாகப் போய், உங்களிடம் யார் கொடுக்கிறார்கள், நீங்கள் யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வந்து வரைந்தேன். தபால் பிரிவிலிருந்து ஒரு கோடு, கணினிப் பதிவு என்ற கட்டத்துக்கு. அதிலிருந்து மூன்று கோடு, மூன்று பிரிவுகளுக்கு. பதில் தட்டச்சுக்காகத் திரும்பி வரும் மூன்று கோடு. மொத்தம் ஏழு கோடு அந்த ஒரு கட்டத்தில் ஒட்டியிருந்தன. நான் வேண்டுமென்று அப்படி வரையவில்லை. கேட்டதை வரைந்தேன், அப்படி வந்தது.

சூப்பரண்டு சார் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இந்த பாக்ஸு எதுக்கும்மா?"

"நான் பண்ற வேல சார்."

"சாங்ஷன் போஸ்ட் இல்லியே. இல்லாத போஸ்டுக்கு பாக்ஸ் போட்டா, யாரக் கேட்டு வச்சீங்கன்னு கேப்பாங்க. எடுத்துடு. தபால்லேருந்து நேரா செக்‌ஷனுக்கு ஒரு கோடு இழு."

"எடுத்தா நானு, சார்?"

அவர் கெட்டவர் இல்லை. கண்ணைப் பார்த்தே சொன்னார். "ஆய்வு முடிஞ்சதும் தேவையில்லாத வவுச்சர் எல்லாத்தயும் நிறுத்தச் சொல்லுவாங்கம்மா. இந்தப் படத்துல இருந்தாலும் நிறுத்துவாங்க, இல்லாட்டியும் நிறுத்துவாங்க. எங்கள ஏன் மாட்டி உடுற?"

மூன்று வருடம். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து ஈரப் புடவையோடு உட்கார்ந்து நாற்பது கடிதம் அடித்திருக்கிறேன். போகிறதென்றால் போகட்டும், ஆனால் நான் இங்கே இருந்ததே இல்லை என்று என் கையாலேயே வரைய வேண்டுமா? 

"அந்த பாக்ஸ நான் எடுக்க மாட்டேன் சார்."

வவுச்சர் ஊழியர் சூப்பரண்டிடம் இப்படிப் பேசுவது வழக்கமில்லை. பக்கத்து மேஜைகளில் பேனாக்கள் நின்றன. அவர் முகம் சிவந்துபோய், நகரு என்று சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தார். கட்டத்தைத் தொட்டு டெலீட் அடித்தார். கட்டம் போனது, ஏழு கோடும் அப்படியே அந்தரத்தில் நின்றன. ஒன்றைப் பிடித்து இழுத்தார், அது மடங்கி அதிகாரியின் கட்டத்துக்குக் குறுக்கே போனது. இன்னொன்றை இழுத்தார், அது கணக்குப் பிரிவைச் சுற்றி வளைத்தது. நான் கைகட்டி நின்றேன். உதவவில்லை. கடைசியில் அவர் கோப்பை மூடினார். மாற்றியதைச் சேமிக்கட்டுமா என்று கணினி கேட்டதற்குக் கோபத்தில் வேண்டாம் என்று அழுத்தினார். பழைய அச்சுத் தாளை எடுத்து, என் கட்டத்தின் மேல் வெள்ளை மை பூசி, ஸ்கேல் வைத்து நேர்க்கோடு இழுத்து ஜெராக்ஸுக்கு அனுப்பினார். போகும்போது, "கம்ப்யூட்டர்லயும் அந்த பாக்ஸ எடுத்துடு. அவங்க செவுத்துல காட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க" என்றார்.

நான் எடுக்கவில்லை.

ஆய்வு நாளில் அந்த அம்மா ஜெராக்ஸைக் கையில் வைத்துக்கொண்டே, புரொஜெக்டரில் போடச் சொன்னார். அதை இணைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். திறந்தேன். சுவரில் என் கட்டம் ஒரு ஜன்னல் அகலத்துக்கு விழுந்தது. சூப்பரண்டு சார் என்னைப் பார்த்த பார்வையை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பேப்பர்ல இது இல்லியே. இங்க யாரு இருக்காங்க?"

"நாந்தாங்க மேடம். வவுச்சர்."

"போஸ்ட் இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப எடுத்துட்டுக் காமிங்க."

"நான் எடுக்க மாட்டேங்க மேடம். நீங்களே எடுத்துப் பாருங்க." மௌஸை அவர் பக்கம் தள்ளி வைத்தேன். 

அவர் கட்டத்தைத் தொட்டு டெலீட் அடித்தார். சுவரில் ஏழு கோடுகள் எங்கும் போய்ச் சேராமல் தொங்கின. 

"தபால் எப்படி செக்‌ஷனுக்குப் போவுது?" என்று அவர் சூப்பரண்டு சாரைக் கேட்டார். சார் ஸ்கேலால் போட்ட கோடு அந்த அம்மாவின் கையிலேயே இருந்தது. அதைக் காட்டி ஏதோ சொல்லத் தொடங்கினார். தபால் அக்காதான் எழுந்து, "இந்தப் பொண்ணுதாங்க எடுத்துனு போயி குடுக்குது. அது லீவு போட்டா அன்னிக்கு ஒரு தபாலும் நகராது" என்றார். அந்த அம்மா குறித்துக்கொண்டார். கட்டத்தைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தேன்.

ஒரு வாரம் சூப்பரண்டு சார் என்னோடு பேசவில்லை. எட்டாவது நாள் ஒரு மாற்றல் ஆர்டரோடு வந்து நின்று, "ஏம்மா, இத கொஞ்சம் நகத்திக் குடேன்" என்றார். நகர்த்திக் கொடுத்தேன்.

என்னை நிறுத்தச் சொல்லி ஆர்டர் வரவில்லை. மாறாக, எட்டு மாதம் கழித்து, அந்தக் கட்டத்துக்கு நிரந்தரப் பணியிடம் ஒன்று ஒதுக்கி ஆர்டர் வந்தது. தபால் அக்கா எனக்கு லட்டு வாங்கிவந்து கொடுத்தார். நான் தின்று முடிப்பதற்குள் சூப்பரண்டு சார் இரண்டாம் பக்கத்தைப் படித்தார். பணியிடம் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் பதிவு மூப்புப்படி நிரப்பப்படும். என் பதிவுக்கு முன்னால் எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். "உனக்கு வரும்னுதாம்மா நெனச்சேன்" என்று அவர் சொன்னபோது அவர் குரலில் பொய் இல்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

வந்தவருக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள். பதிந்துவிட்டுப் பல வருடம் காத்திருந்தவர். அவர் மேல் எனக்கு என்ன கோபம் இருக்க முடியும்? இருந்தது, அது வேறு. என் கடைசி வாரத்தில் தபால் பதிவு செய்யும் முறை எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "இந்தக் கோடு மட்டும் எப்படிங்க கூடவே வருது?" என்று கேட்டார். அது எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, என் சம்பளத்தில் சேர்ந்ததும் இல்லை. சொல்லவில்லை. இதில் பெருந்தன்மை எதையும் தேடாதீர்கள்.

வேலை போனதை அம்மாவிடம் சொன்னபோதுதான் அவளுக்கு அது கவர்மென்ட் வேலையே இல்லை என்பதும் தெரிந்தது. அடுப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னபடி கேட்டுனு அந்தப் படத்தப் போட்டுக் குடுத்திருந்தா, எவன் கண்ணுலயும் படாம இன்னும் ரெண்டு வருசம் ஓட்டியிருக்கலாம் இல்ல? நீ போயி கட்டம் போட்ட. எவனோ வந்து குந்திக்கினான். உனக்கு இன்னாடி கெடச்சுது?"

"அது இல்லாத வேலன்னாங்கம்மா. இப்ப அதுக்கு ஆள் போட்டிருக்காங்க. இத்தினி வருசம் நான் அங்க சும்மா குந்தினு இருந்தேன்னு இனிமே ஒருத்தனும் சொல்ல முடியாது."

அம்மா எழுந்து தட்டை எடுத்து வைத்தாள். சாப்பிட வா என்றாள். நன்றாகப் பசித்தது, உட்கார்ந்து சாப்பிட்டேன்.