செவலையை அடித்த கை

இதை எழுத வேண்டாம் என்றார் என் கணவர். "படிச்சிட்டுச் சிரிப்பாங்க ஷோபனா" என்றார். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். அன்றைக்கு அந்த அறைக்குள் இருந்தது நானும் ஒரு நாயும்தான். நாய்க்குப் பேச வராது. அதனால் நான் சொல்கிறேன். இதில் வரும் குடும்பத்தின் ஊர்ப் பெயரை மட்டும் மறைத்திருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

ஒரத்தநாடு கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கணவர் தமிழரசன் நெல் அறுக்கும் மெஷின் ஓட்டுகிறார். குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் சீர்காழி, மயிலாடுதுறை என்று சுற்றுவார். வீட்டுக்கு எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. கடை வாசலில் படுக்கிற தெருநாய்களுக்கு நான் சோறு வைப்பது கடைத்தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் பூவம்மாள் என்ற அந்தப் பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கிராமம். ஷேர் ஆட்டோவிலிருந்து ஒரு உரச் சாக்கை இறக்கி என் கடைப் படியில் வைத்தார். சாக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

அவிழ்த்துப் பார்த்தேன். செம்பழுப்பு நிறத்தில் ஒரு நாட்டு நாய். விலா எலும்பை எண்ணிவிடலாம். ஒரு காது பாதிதான் இருந்தது. முதுகு முழுக்க வரி வரியாகத் தழும்பு. தழும்பின் மேல் தழும்பு. முடி முளைக்க இடமே இல்லை.

"யாருக்கா இப்படி அடிச்சது?"

"எங்க வீட்டுக்காரரு. பம்புசெட் பெல்ட்டை அறுத்து வச்சிக்கிட்டு அடிப்பாரு. வெளக்கு வைக்கிற நேரமானா போதும்."

"இப்பவும் அடிக்கிறாரா?"

பூவம்மாள் சாக்கின் வாயை மடித்துவிட்டார். பிறகு, "நீங்க வச்சிக்கங்கம்மா. அங்க இருந்தா செத்துரும்" என்றார். அவ்வளவுதான். வந்த ஆட்டோவிலேயே திரும்பிப் போய்விட்டார்.

செவலை என்று பெயர் வைத்தேன். வீட்டுக்குள் விட்டதும் நேராகக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கியது. கூந்தலை முடிய நான் கையைத் தூக்கினால் போதும், இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும். துடைப்பத்தை எடுத்தால் அடிக்காமலேயே அலறும். குழந்தை அலறுவது போல இருக்கும்.

கால்நடை டாக்டர் இர்பான்தான் வழி சொன்னார். சின்ன வயசு. என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "கண்ணைப் பார்க்காதீங்கக்கா. முதுகைக் காட்டி உக்காருங்க. தொடாதீங்க. அதுவா வரட்டும்."

அப்படியே செய்தேன். தினமும் கடையை மூடிவிட்டு வந்து, கட்டிலுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்காருவேன். தயிர் சோற்றுத் தட்டை என் பக்கத்தில் வைப்பேன். ஏதாவது பேசிக்கொண்டே இருப்பேன். கடைக்கு வந்தவர்கள், மெஷினில் சிக்கிய பேப்பர், கரண்ட் பில். முதலில் நான் தூங்கப் போன பிறகுதான் சாப்பிட்டது. பிறகு நான் இருக்கும்போதே மூக்கை நீட்டியது. ஒரு நாள் என் புடவை முந்தானையை மோந்து பார்த்தது. அந்தச் சூடான மூச்சு என் இடுப்பில் பட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

வாலை ஆட்டுவதற்கும் கற்றுக்கொண்டது. முழுசாக இல்லை. நுனி மட்டும்.

அப்புறம்தான் அது தொடங்கியது.

ஒரு சாயங்காலம். சாமி விளக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து செவலை அலறியது. ஓடி வந்து பார்த்தால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. முதுகில் புதிதாக ஒரு கோடு. ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. கட்டில் கம்பி கிழித்திருக்கும் என்று நினைத்தேன். மஞ்சள் வைத்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும். இந்த முறை இரண்டு கோடுகள். பக்கம் பக்கமாக.

டாக்டர் இர்பானிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் காயத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கம்பி கிழிச்சது இல்லக்கா இது. பெல்ட்டு. புதுசா விழுந்திருக்கு. வீட்ல யார் யார் இருக்கீங்க?"

"நானும் அவரும்தான்."

மருந்து போட்டு முடித்த பிறகு மெதுவாகச் சொன்னார். "இன்னொரு தடவை இப்படி வந்துச்சுன்னா, இதை நான் உங்ககிட்டத் திருப்பித் தர மாட்டேன்."

அன்று இரவு சாப்பாடு போடும்போது கணவரிடம் கேட்டே விட்டேன். "நீங்க ஏதாவது..."

சோறு பிசைந்த அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "என்னைப் பார்த்தா கேக்குற?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மறுநாள் காலை காபிகூடக் குடிக்காமல் சீர்காழிக்குக் கிளம்பிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமும் செவலைக்கு அடி விழுந்தது. வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதன் பிறகு கவனிக்க ஆரம்பித்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கூடத்தில் பீடி வாசனை வரும். என் கணவர் பீடி குடிப்பதில்லை. பீடியோடு சேர்ந்து சூடான ரப்பர் வாசனையும் வரும். செவலை தலையைத் தூக்கிப் பார்க்கும். கதவைப் பார்க்காது. சுவருக்குப் பக்கத்தில் வெறும் இடத்தைப் பார்க்கும். ஓர் ஆள் நின்றால் முகம் இருக்குமே... அந்த உயரத்தில்.

அதன் கண்கள் மெதுவாக நகரும். யாரோ நடந்து வருவதைப் பார்ப்பது போல.

ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. காலையிலிருந்து மழை. அதிராம்பட்டினம் பக்கம் மரங்கள் சாய்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். மத்தியானமே கடையைச் சாத்திவிட்டேன். வயலில் தண்ணீர் ஏறி மெஷின் சேற்றில் இறங்கிவிட்டதாகக் கணவர் போன் செய்தார். விடிந்ததும் வருவதாகச் சொன்னார். கோபம் குறைந்திருந்தது.

மணி நாலு. வெளியே ஆறரை மணி இருட்டு. கரண்ட் போய்விட்டது. எமர்ஜென்ஸி லைட்டைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். செவலை தானாகவே கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. என் மடியில் தலையை வைத்தது. முதல்முறை. கண்ணை மூடித் தூங்கியே போனது.

நான் அசையவில்லை. கால் மரத்துப் போனது. பரவாயில்லை என்று இருந்தேன்.

திடீரென்று அந்த உடம்பு கல்லாக இறுகியது.

பீடி வாசனை.

செவலை கண்ணைத் திறந்தது. சுவரைப் பார்த்தது. மேலே. அதே உயரம்.

கண்கள் நகர்ந்தன... கொஞ்சம் கொஞ்சமாக... எங்களை நோக்கி.

விஷ்ஷ்க்...

காற்றைக் கிழிக்கும் சத்தம்.

சப்!

என் கண் முன்னால், என் மடியில், செவலையின் முதுகுத் தோல் பிளந்தது. ரத்தம் என் முகத்தில் தெறித்தது. ஏதோ ஒன்று அதைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் பீரோ மேல் வீசியது. தகரம் நெளிந்தது. கீழே விழுந்ததும் மறுபடியும் அடி. மறுபடியும். விழுந்த இடத்தில் எல்லாம் சிவப்பாகக் கோடு திறந்தது. அடிக்கிற ஆள் இல்லை. பெல்ட் இல்லை. அடி மட்டும்.

"யார்றா அது! விட்டுர்றா!"

நான் ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று இன்றும் தெரியாது. செவலை மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டேன்.

விஷ்ஷ்க்...

என் தோளில் நெருப்பு இறங்கியது.

கத்தினேன். மழையில் யாருக்குக் கேட்கும்?

இன்னொன்று. ஜாக்கெட் கிழிந்தது.

இன்னொன்று...

அப்போது என் வயிற்றுக்கு அடியில் ஏதோ அதிர்ந்தது. உறுமல். என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து செவலை குரைத்ததுகூட இல்லை. அது உறுமியது.

கட்டிலுக்கு அடியில் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது.

பாய்ந்தது.

காற்றைக் கவ்வியது.

கீழே வரவில்லை.

பின்னங்கால்கள் தரையிலிருந்து மேலே... வாய் எதையோ கவ்வியிருக்க... அந்தரத்தில் தொங்கியது.

சுவரில் மோதினார்கள். மோதியது... யார் என்று சொல்வது? செவலை விடவில்லை. மறுபடி சுவர். மறுபடி கதவு நிலை. ஒரு பல் உடைந்து தெறித்தது. விடவில்லை.

நறுக்.

எலும்பு.

ஒன்றுமில்லாத காற்றிலிருந்து ரத்தம் ஒழுகியது. தரையில் சொட்டுச் சொட்டாக. பிறகு கொட்டியது.

தொப்பென்று செவலை விழுந்தது.

பீடி வாசனை போய்விட்டது. மழைச் சத்தம் மட்டும்.

மொபைலைப் பார்த்தேன். நாலு இருபது.

விடியற்காலையில் கணவர் வந்தார். கூடத்தைப் பார்த்தார். என் முதுகைப் பார்த்தார். செவலையைத் தூக்கிக்கொண்டார். மூன்று பேருமாக டாக்டர் இர்பானிடம் போனோம்.

செவலைக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருந்தது. பிழைத்துக்கொள்ளும் என்றார். அதன் வாயைத் திறந்து சுத்தம் செய்தவர் சட்டென்று நிறுத்தினார். இடுக்கியில் எதையோ எடுத்துப் பஞ்சில் வைத்தார்.

"அக்கா... இது மனுஷ நகம்."

கட்டைவிரல் நகம். சதையோடு.

அவர் அதற்கு மேல் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. நாயைத் தர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

செவலையை அவரிடமே விட்டுவிட்டு, நானும் கணவரும் அங்கிருந்து நேராகப் பூவம்மாளின் ஊருக்குப் போனோம். வாய்க்கால் ஓரத்தில் ஓட்டு வீடு. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. ஒன்றும் கேட்காமல் உள்ளே கூட்டிப் போனார்.

கட்டிலில் ஓர் ஆள் கிடந்தார். பூவம்மாளின் கணவர் பஞ்சநதம். மாசி மாதம் டிராக்டர் வாய்க்காலில் கவிழ்ந்து கழுத்து எலும்பு உடைந்துவிட்டதாம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் வேலை செய்யாது. பேச்சும் இல்லை. செவலை என்னிடம் வரும்போதே அவர் அப்படித்தான் கிடந்திருக்கிறார்.

வலது கையில் பெரிய கட்டு. ரத்தம் ஊறிக் கறுத்திருந்தது.

"நேத்து சாயங்காலம்" என்றார் பூவம்மாள். "நாலு நாலரை இருக்கும். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அசையாத கை அது. பார்த்துக்கிட்டு இருக்கும்போதே விரலெல்லாம் நசுங்குச்சு. பெருச்சாளி கடிச்சிருக்கும்னு நர்ஸம்மா சொல்லிட்டுப் போறாங்க. நான் ஆமான்னுட்டேன்."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "படுத்ததுக்கு அப்புறமும் அடி நிக்கலம்மா. ஒரு நாள் எனக்கு. ஒரு நாள் அதுக்கு. நான் எங்க போவேன்? அதுவாவது பொழச்சுக்கட்டும்னுதான் உங்ககிட்ட விட்டேன். அது போன அன்னைலேர்ந்து எம் மேலயும் விழல. நின்னுபோச்சுன்னு நெனச்சேன். சத்தியமா... அதைத் தேடிக்கிட்டுப் போகும்னு நெனைக்கலை."

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். பஞ்சநதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். புடவைக்குள் மறைந்திருந்த, அடி விழுந்த தோளை.

"கிளம்புங்கக்கா" என்றேன். "இந்த வீட்ல இனிமே ஒரு நிமிஷம் இருக்காதீங்க."

"இவருக்கு யாரு தண்ணி ஊத்துவா? தம்பி ஒருத்தருதான் இருக்காரு."

"அவரோட தம்பி பார்க்கட்டும்" என்றார் என் கணவர். அதுவரை அவர் குரல் அப்படி ஒலித்து நான் கேட்டதில்லை.

பூவம்மாள் ஒரு மஞ்சப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்தார். பஞ்சநதத்தின் தம்பி நாகநாதன், தஞ்சாவூருக்கு வெளியே ஒரு பராமரிப்பு இல்லத்தில் அண்ணனைச் சேர்த்தார். நசுங்கிப் போன வலது கையை மணிக்கட்டு வரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் அடி விழவில்லை. செவலை முதலில் பூவம்மாளைக் கண்டு ஒதுங்கித்தான் போனது. அவரும் என்னைப் போல முதுகைக் காட்டி உட்காரப் பழகிக்கொண்டார். இப்போது அவர் காலடியில்தான் அது தூங்குகிறது. வாலை முழுசாக ஆட்டுகிறது.

போன மாதம் அந்த இல்லத்திலிருந்து பூவம்மாளுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார். பேசியவர் அங்கே வேலை செய்யும் பெண்.

"ஏம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் கை கால் சுத்தமா வராதுதானே?"

"வராதும்மா. ஏன்?"

"இல்ல... பக்கத்துக் கட்டில்ல ஒரு பெரியவர் இருக்காரு. வெளக்கு போடுற நேரத்துல தெனம் அலர்றாரு. முதுகைத் திருப்பிப் பார்த்தா வரி வரியா ரத்தம். டாக்டர் வந்து பார்த்தாரு. பெல்ட்டால அடிச்ச காயம்ங்கிறாரு."

அந்தப் பெண்ணே தொடர்ந்தார்.

"அடிச்ச ஆளு... இடது கை பழக்கம் உள்ளவனா இருக்கணுமாம்."