ரெங்கத்தில் மூடியிருக்கும் குடம்

பாசிர் கூடாங் தொழிற்சாலையில் எனக்கு வேலை. போன மாதக் கூட்டத்தில் நான் ஒரு கேள்வி கேட்கப்போக, மேலாளர், "பண்டோராவின் பெட்டியைத் திறக்காதீங்க" என்று என் வாயை அடைத்துவிட்டார். எரிச்சலோடு வீட்டுக்கு வந்து அந்தப் பேச்சின் பூர்வீகத்தைத் தேடினேன். பழைய கிரேக்கக் கதையில் பெட்டியே கிடையாதாம். தானியம், எண்ணெய் வைக்கும் பெரிய ஜாடிதான். பிற்காலத்தில் மொழிபெயர்த்தவர் அதைப் பெட்டியாக்கிவிட்டார். பண்டோரா மூடியைத் திறந்ததும் நோயும் துன்பமும் வெளியே பறந்தன. அவசரமாக மூடியபோது உள்ளே மிஞ்சியது நம்பிக்கை மட்டும்.

எனக்கு ரெங்கத்துக் குடம் ஞாபகம் வந்தது. அங்கே அம்மா பிறந்த எஸ்டேட் தோட்டத்தைக் கம்பெனி விற்றதில் மாரியம்மன் கோயிலும் போனது. இடிப்பதற்கு முன் பூசாரி மந்திரம் சொல்லி, அம்மனைக் குடத்து நீரில் இறக்கி வைத்தார். புதுக் கோயில் எழும்வரை அம்மன் அதில்தான். பார்க்க மனசில்லாமல் தள்ளிப்போட்டவள், போன ஞாயிறு கிளம்பிவிட்டேன்.

நான் இருக்கும் மாசாயிலிருந்து சிம்பாங் ரெங்கம் வழியாகச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். காரில் ஒன்றரை மணி நேரம், வழியெல்லாம் மழை. இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான். ரசிக்க ஒன்றுமில்லை, பொய் சொல்ல மாட்டேன். கோயில் இருந்த இடத்தில் வேலியும் செம்மண் சேறும். பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் மூடி வைத்த குடம். அங்கே தினமும் விளக்கேற்றுகிறவர் சரோஜா அக்கா, பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைப்பவர்.

"கோயிலுக்கு நிலம் கிடைச்சுதாக்கா?"

"எங்க? அலைய விடுறாங்க. தைக்குள்ள கிடைக்கலன்னா குடத்த ஆத்துல விட்டுடலாம்னு கமிட்டில முடிவு பண்ணிட்டாங்க."

ஆற்றில் விட்டால் இந்தத் தோட்டத்து அம்மன் அதோடு முடிந்தாள்.

"உள்ள தண்ணி இருக்கா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அக்கா குரலைத் தாழ்த்தினார். "போன மழைக்குக் கூரை ஒழுகிச்சு, நகர்த்தி வெச்சேன். கொண்டாந்தப்ப ரெண்டு பேரு தூக்குனோம். இப்ப ஒரு கையில வந்துருச்சு லா. தொறந்து பார்த்தா தெரிஞ்சிடும். அதான் தொறக்கல."

அந்தக் கிரேக்கக் கதையில் நம்பிக்கையை ஜாடிக்குள் காப்பாற்றி வைத்தார்களா, சிறை வைத்தார்களா என்று படித்தவர்கள் இன்னும் வாதாடுகிறார்களாம்.

போவதாக இருந்தால் தைக்குள் போய்விடுங்கள். பூவை ரெங்கம் கடைத்தெருவிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், கொட்டகைப் பக்கம் கடை இல்லை. சேற்றுக்குப் பழைய செருப்பு போதும். குடம் எவ்வளவு கனம் என்று மட்டும் அக்காவிடம் கேட்காதீர்கள்.